பெட்டிக்கு அடியில் எல்லைக்கல்

முத்திருளன் மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய டேப்ரெக்கார்டரோடு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வந்தன. புத்தக அலமாரியில் வைக்கிற ஸ்பீக்கர் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். மேலூர் பக்கத்தில் இவன் வீட்டில் பஞ்சாங்கத்தைத் தவிர வேறு புத்தகம் கிடையாது. அதற்கு ஒரு அலமாரி செய்தால் ஊர் சிரிக்கும் என்று தரையிலேயே வைத்தான். பாட்டு போட்டால் வெறும் 'தொம் தொம்'தான் கேட்டது.

உடனே முத்திருளன் ஐயா ஆராய்ச்சியில் இறங்கினார். டிரங்குப் பெட்டி மேல் வைத்தார். உள்ளிருந்த பாத்திரமெல்லாம் கூடவே பாடின. நெல்மூட்டை மேல் வைத்தார்; பாட்டு மூட்டைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கடைசியில் மனைவி சீனியம்மாளின் அம்மிக்கல்லைப் புரட்டப் போனார்.

"அதத் தொட்டீங்க, இன்னைலருந்து வீட்டுல கொழம்பு கெடையாது" என்றாள் அவள்.

குழம்பில்லாமல் பாட்டு கேட்கிற அளவுக்கு அவன் ரசிகன் இல்லை. திரும்பவும் கடைக்குப் போய்க் கேட்டான். கனமாக ஜோடிக் கல் வையுங்கள் என்றார்கள்.

மேலூரைச் சுற்றிக் கல்லுக்கா பஞ்சம்? குவாரியில் கேட்டால் சும்மாவே தூக்கிக் கொடுப்பார்கள். ஆனால் இவன் கண் போனது தன் வயலுக்கு. வருஷச் சோறு போடுகிற அந்த வயலுக்கும் பெரியப்பா மகன் சோணையின் வயலுக்கும் நடுவில் சர்க்கார் நட்ட எல்லைக்கல் இரண்டு நின்றன. ஒரே அளவு, ஒரே கனம்.

"எடுத்துக்கடா தம்பி. அண்ணன் தம்பிக்குள்ள கல்லு என்ன வேண்டிக் கெடக்கு?" என்ற சோணை, கடப்பாரையையும் அவனே கொண்டுவந்தான். பங்காளியின் பெரிய மனசை நினைத்து முத்திருளனுக்குக் கண் கலங்கிவிட்டது. கற்களைப் படுக்கப் போட்டு, சர்க்கார் குறி கொத்திய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மேலே பெட்டிகளை ஏற்றினான். பாட்டு அம்புட்டுச் சுத்தமாக வந்தது. சோணை தினமும் வந்து உட்கார்ந்து, "கல்ல மட்டும் அசைச்சிராதடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மழை பெய்தது, உழவு முடிந்தது. முத்திருளன் வயலுக்குப் போனபோது வரப்பு இவன் பக்கம் ஒரு பாத்தி அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தது. கிராம அதிகாரியைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தான். சோணையும் பின்னாலேயே வந்து நின்றான்.

"சர்வேயர வச்சு அளந்துருவோம்," என்றார் அதிகாரி. "ஆனா எல்லைக்கல்லு எங்கன்னுதான் மொதல்ல கேப்பாரு. பிடுங்குனவன் மேல கேஸு வரும். யாரு பிடுங்குனது?"

"நான் கடப்பார குடுத்தேங்க. எதுக்குன்னு கேக்கல" என்றான் சோணை.

அதிகாரியின் பார்வை ஸ்பீக்கருக்கு அடியில் போய் நின்றது. "இது என்ன கல்லு?"

முத்திருளன் சோணையைப் பார்த்தான். சொன்னால் ஜெயில், சொல்லாவிட்டால் நிலம் போச்சு.

"குவாரில வாங்குனதுங்க" என்றான்.

"அப்ப எல்லைல கல்லே இல்லையா?"

"நான் பாத்ததில்லங்க."

"அப்ப இருக்குற வரப்புதான் எல்ல" என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார். சீனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். சோணை மட்டும் சாவகாசமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஒரு பாட்டப் போடு தம்பி, கேப்பம்" என்றான்.

முத்திருளன் போட்டான்.