பூஞ்சணம் போட்ட கோடுகள்

ரம்புத்தான் கட்டையை மரம் கடையும் லேத்தில் பூட்டிச் சுற்றவிட்டதும் பிரேமலாவுக்குக் காதுக்குள் மழை பெய்யத் தொடங்கியது. ஈஜோக்கில் இருந்த வீட்டின் பின்புறம், எண்ணெய்ச் செம்பனைகளுக்கு மேலாகச் சாய்ந்து வந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் பறக்கும் மரத்தூளில் தங்கி நின்றது. ஈரச் சாக்கைச் சுற்றி எட்டு மாதம் வேண்டுமென்றே மக்கவிட்ட கட்டை அது. உள்ளே இரண்டு பூஞ்சணங்கள் ஆளுக்கொரு பக்கமாக மரத்தைத் தின்றுகொண்டே வந்து, சந்தித்த இடத்தில் மல்லுக்கு நின்று, கறுப்பாக எல்லைக்கோடு கிழித்திருந்தன. அண்ணன் மகேந்திரனின் சங்கம் இரண்டாக உடைந்ததும் இப்படித்தான். அங்கே கோடு மட்டும் இவ்வளவு அழகாக விழவில்லை.

உறுதியாக மிஞ்சியது ஒரே ஒரு மரப் பேனாவுக்கான துண்டு; நடுவில் துளையிட்டுப் பித்தளைக் குழாயைச் செருகியிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை கோலா சிலாங்கூரில் அவளும் கேலப்பும் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அந்தப் பேனா. அவளுக்கு நாற்பத்திரண்டு வயதில் நடக்கும் கல்யாணம். "நானே முன்ன நின்னு நடத்தறேன்" என்று அண்ணன் சொல்லி இரண்டு வருடமாகிறது. அவர் முன்னே நிற்க வேண்டிய மேடைகள் அத்தனை. தேதியை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வராமல் போய்விடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம், வந்து மைக் கேட்பாரோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

அவரே பூ அச்சிட்ட பாத்தேக் சட்டையில் வந்து நின்றார். அவள் லேத்தை நிறுத்தினாள்.

"பிரேமா, சனிக்கிழம எனக்குப் பாராட்டு விழா. கையால கடைஞ்ச பேனாலதான் கையெழுத்துப் போடப்போறேன். மேல பேர வெட்டிடு." காகிதத்தை நீட்டினார். டத்தோ, சமூகச் செம்மல், தொண்டு மாமணி, கௌரவ டாக்டர் எல்லாம் கடந்து, மகேந்திரன் ஐந்தாவது வரியில் இருந்தார்.

"இவ்ளோவும் வெட்டணும்னா உலக்கைதாண்ணே கடையணும்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். "என்னலா இது, கறுப்பு கறுப்பா அழுக்கு? தேச்சு எடு."

"போகாதுண்ணே. உள்ள ஆழம்வரைக்கும் ஓடுது."

"குடு இப்படி." உப்புத்தாளைப் பிடுங்கி, லேத்தைச் சுற்றவிட்டு, கட்டையில் அழுத்தினார்.

தடுத்திருக்க வேண்டும். ஆனால் கைப்பேசியைப் பார்க்காமல் அண்ணன் இவ்வளவு நேரம் அவள் பக்கத்தில் நின்று எத்தனை காலமாயிற்று! நாக்கைக் கடித்தபடி குனிந்திருந்த மனிதர்மேல் ஒரு பட்டம்கூட ஒட்டியிருக்கவில்லை. மரத்தூள்தான் ஒட்டியிருந்தது.

நிறுத்திப் பார்த்தால், ஒரு கோடு அழிந்த இடத்தில் இரண்டு முளைத்திருந்தன. கட்டை சுட்டுவிரலைவிட மெலிந்துவிட்டது.

"இன்னும் தேச்சா உள்ள இருக்கிற பித்தளைக் குழாய் தெரிஞ்சிடும்" என்றாள்.

"அப்ப என் பேரு?"

"இனிமே எதுவும் கொள்ளாதுண்ணே." அதே மூச்சில் சொல்லிவிட்டாள். "வெள்ளிக்கிழம காலைல பத்து மணிக்கு நானும் கேலப்பும் ரெஜிஸ்டர் பண்றோம். அதுக்குக் கடைஞ்ச பேனா இது. நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று சாலையில் போய் மறைந்தது. அவர் உப்புத்தாளை மடித்து வைத்தார்.

"சாட்சிக் கட்டத்துல... டத்தோன்னு போடலாமா?"

"பேரு, அடையாள அட்டை ஐசி நம்பரு. அவ்ளோதான் இடம்."

பிரேமலா விசையை அழுத்தினாள். கோடுகள் எல்லாம் ஒன்றில் ஒன்று கரைந்து புகையாயின. அணைத்தாள். புகைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, தத்தம் இடத்தில் நின்றன.

அண்ணன் இன்னும் கொஞ்சம் குனிந்தார். சாயம் பூசிய மீசையில் வெள்ளையாகத் தூள்.

"இன்னொரு தடவ சுத்த விடு" என்றார்.