நாட்டுக்கு இரண்டு நிமிடம்

1.

மிக முக்கியமான அறிவிப்பு. இக்கதை முடிவதற்குள் ஒரு குடிமகன், தேசிய விழா மேடையில், தன் நாட்டுக்கு மனமார நன்றி செலுத்துவார். எழுந்து நிற்க முடிந்தவர்கள் நின்றபடி படிக்கலாம். மற்றவர்கள் முதுகையாவது நிமிர்த்திக்கொள்ளவும்.

சரி, உட்காருங்கள். கதை எனக்குக் கிடைத்த விதம் அவ்வளவு கம்பீரமானதல்ல. விழாவுக்கு முந்தைய நாள், விடாத இருமலுக்காக எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தேன். சட்டையில்லாமல், முகவாயைத் தகட்டின் மேல் வைத்து, தோள்களை முன்னால் தள்ளி நின்றேன். பின்னாலிருந்து எக்ஸ்ரேக்காரர், "மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க" என்றார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. மனைவி.

"நாளைக்கு என்ன பேசறதுன்னு எனக்கே தெரியல, நீ வேற..." என்று ஆரம்பித்தார். பிடித்த மூச்சை விடாமல் முழு விவரத்தையும் கேட்டேன்.

(முழு விவரம் என்பது மிகை. கண் இருட்டும்வரை கிடைத்த விவரம். மீதி என் சொந்தச் சரக்கு.)

2.

முதல் தொடக்கம்: "காலைக் கதிரவன் மருத்துவமனைக் கொடிக்கம்பத்தில் பட்டுத் தெறிக்க, எக்ஸ்ரேக்காரரின் நெஞ்சு தேசப்பற்றால் விம்மி" — வேண்டாம். நெஞ்சு விம்மினால் படம் கலங்கிவிடும். அவரே ஒத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாம் தொடக்கம், பெரிய டாக்டரின் அறையில்.

"விழாவுல நாட்டுக்கு நன்றி சொல்லி ரெண்டு நிமிஷம் பேசணும். சாதாரண ஊழியர் ஒருத்தர் பேசினா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

"நாற்காலி போட்டவருக்கு, மைக் கொடுத்தவருக்குன்னா சொல்லிடுவேன் சார். நாட்டுக்குன்னா... என்னன்னு சொல்றது?"

"மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

"மனசுல வேலை நிரந்தரம் ஆகுமாங்கறதுதான் சார் இருக்கு."

பெரிய டாக்டர் பேனாவை மூடினார். "அதுவும் என் மேஜைலதான் இருக்கு. நல்லாப் பேசுங்க. மேலிடத்துல எடுத்துச் சொல்ல எனக்கும் வசதியா இருக்கும்."

எக்ஸ்ரேக்காரர் பதினோரு வருஷமாகத் தற்காலிக ஊழியர். [பதினோரு வருஷம் நீடிக்கிற ஒன்றுக்குத் தற்காலிகம் என்று பெயர் வைக்கிற கற்பனை வளம் எனக்கு இருந்திருந்தால் இந்நேரம் நாலைந்து நாவல் எழுதியிருப்பேன்.]

3.

மனைவி என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு சரியாகப் பேசுகிற ஆள் கதைக்குள் இருந்தால் ஆசிரியர் எதற்கு? இரண்டு முறை நீக்கிப் பார்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போட ஆள் இல்லாமல் போனது. திரும்ப வந்துவிட்டாள்.

"இதுல என்ன கஷ்டம்? நல்ல காத்து, நல்ல தண்ணி, எல்லாத்துக்கும் நன்றின்னு சொல்லுங்க."

"தண்ணி ரெண்டு நாளா வரலையே."

"அப்ப காத்தோட நிறுத்திக்குங்க."

"விளையாடாத. நிஜமாவே கேக்கறேன். உனக்கு நாட்டு மேல நன்றி இருக்கா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தாள். "நியூஸ்ல வேற எங்கயோ குண்டு விழறதைக் காட்டுவாங்கல்ல, அன்னிக்குக் கதவைத் தாப்பா போடறப்ப இருக்கும். மறுநாள் மறந்துடும். இந்தாங்க, சூடா இருக்கு, உடனே போட்டுக்காதீங்க."

(அந்தப் பதிலை மேடையில் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவருக்குத் தோன்றவில்லை. கணவர்களைப் பற்றிய பகுதிகளுக்கு நான் கற்பனையை அதிகம் செலவழிப்பதில்லை.)

4.

விழா. பெரிய டாக்டர் தியாகம் பற்றிப் பேசினார். நீண்ட பேச்சு, நல்ல வெயில். தியாகம் எல்லோருக்கும் நன்றாகவே விளங்கியது. அடுத்து எக்ஸ்ரேக்காரரை அழைத்தார்கள்.

மைக் முன்னால் நின்றபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமும் அவர் பார்த்ததெல்லாம் முதுகுகள். இங்கே எல்லாம் முகங்கள். நர்சுகள், துப்புரவு வேலைக்காரர்கள், மாவுக்கட்டோடு வந்து நிற்கிற நோயாளிகள். மனப்பாடம் செய்ததில் காற்றுகூட மிஞ்சவில்லை. முன்பின் தெரியாத மனிதர்களிடம் அவர் எப்போதும் சொல்லிப் பழகிய ஒன்றுதான் வாயில் வந்தது.

"மூச்சை நல்லா இழுங்க."

இழுத்தார்கள்.

"பிடிங்க. அசையாதீங்க."

மைதானமே பிடித்தது. பெரிய டாக்டர் வயிற்றை எக்கி நின்றார். கொடி மட்டும் அசைந்தது. அது இன்னொரு துறை.

இங்கே ஒரு வாக்கியம் எழுதினேன்: "தன் பெயர்கூடத் தெரியாத இத்தனை பேர் தன் ஒரு சொல்லை நம்பி மூச்சைப் பிடித்து நிற்பதைக் கண்டதும் அவருக்குள் ஏதோ ஒன்று, நாடு என்று பெயர் வைத்தால் தப்பில்லாத ஒன்று,"

முடிக்கவில்லை. முடித்தால் அடுத்த வருஷம் பெரிய டாக்டர் அதை மேடையில் ஒப்பிப்பார். அடிக்கவும் மனம் வரவில்லை. கிடக்கட்டும்.

எக்ஸ்ரேக்காரர் "ரொம்ப நன்றி," என்றார். எக்ஸ்ரே அறையில் அவர் யாருக்கும் சொல்லாத வார்த்தை. "மூச்சு விடலாம்."

மைதானம் விட்டது. பின்வரிசையிலிருந்து வார்டு அக்கா, "யப்பா, இந்த மனுஷன் விடச் சொல்லலைன்னா இன்னிக்கு மொத்தப் பேருக்கும் சங்குதான்!" என்றாள். சிரிப்பு. பிறகு கைதட்டல்.

முதல் பத்தியில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். குறித்துக்கொள்ளவும்.

5.

முடிவு அ: பெரிய டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாளே மேலிடத்தில் பேசுகிறார். வேலை நிரந்தரம். (எழுதிப் பார்த்தேன். எனக்கே இருமல் வந்தது.)

முடிவு ஆ: தன்னைத்தான் கிண்டல் செய்தார் என்று பெரிய டாக்டர் நினைக்கிறார். எக்ஸ்ரேக்காரர் இன்னொரு பதினோரு வருஷம் தற்காலிகம்.

முடிவு இ: மாலையில் மனைவி கேட்கிறாள். "என்ன பேசினீங்க?" "நீ சொன்னதுதான். காத்தோட நிறுத்திக்கிட்டேன்." "பெரிய டாக்டர் என்ன சொன்னார்?" "நாளைக்கு வந்து பாக்கச் சொன்னார்."

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை அவர் பெரிய டாக்டரின் கதவைத் தட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் எழுதப்போவதில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்.

தேசிய விடுமுறை நாளில் தற்காலிக ஊழியர்களுக்குச் சம்பளம் கிடையாது.