பியோனியின் கடைசிக் கருக்கள்

ஆய்வகத்துக்கு யாரும் வாசனை பூசிக்கொண்டு வரக்கூடாது என்று சட்டம் போட்டதே அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த பிப்பாதான். மாட்டுக் கருக்களை வளர்க்கும் இன்குபேட்டர் அறைக் காற்றையும் சேர்த்து உள்ளே இழுக்கும். கருக்கள் கிடக்கும் துளிகளின் மேல் ஊற்றிய எண்ணெய் எந்த வாசனையையும் பிடித்து வைத்துக்கொண்டு கருக்களைக் கெடுக்கும். அவள் ஆக்சிஜனைக் குறைத்தாள், வளர்ப்புத் திரவத்தை மாற்றினாள், அடிக்கடி கதவைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை ஒழித்தாள். முன்பைவிட நிறையக் கருக்கள் பிழைத்தன. ஆய்வகத் தலைவர் ராவிரியையே ஒருநாள் சவரம் செய்து பூசிய வாசனைக்காக வாசலில் நிறுத்தினாள்.

"மாட்டுச் சாணி நாத்தத்தோட வந்தா விடுவியா?"

"தாராளமா வாங்க. அதுல சென்ட் இல்லையே."

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பால்பண்ணைக்காரர் நெவில் வந்தார். அவருடைய பசு பியோனி வாய்க்காலில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதால் அதைக் கருணைக் கொலை செய்ய வேண்டியதாயிற்று. அது போட்டதெல்லாம் காளைக் கன்றுகள். ஒரு பெண் கன்றுகூட இல்லை. அதன் சினைப்பைகள் அவர் கையிலிருந்த தெர்மாஸில் இருந்தன. அவற்றிலிருந்து முட்டைகளை எடுத்துக் கருத்தரிக்க வைத்து, ஒரு கருவாவது பிழைத்தால்தான் பியோனியின் வழி தொடரும்.

இன்னொரு கையில் ஒரு பை நிறைய, கொய்யாவுக்கு உறவான ஃபெய்ஜோவாப் பழங்கள்.

"இந்தாம்மா. வேணாம்னு மட்டும் சொல்லிராத. இதப் பாத்தாலே எங்க வீட்டு நாய் ஓடுது."

நியூசிலாந்தின் வைகாட்டோவில் அந்த மாதம் எல்லோர் வீட்டு ஃபெய்ஜோவா மரமும் கொட்டித் தீர்க்கும். அடுத்த வீட்டுக்காரர் ஒரு பையைப் போட்டுவிடுவாரோ என்று பயந்து ஜனங்கள் காரைப் பூட்டி வைப்பார்கள். தேநீர் மேசையில் ஏற்கெனவே நாலைந்து பைகள் ஈ மொய்த்துக் கிடந்தன. மாட்டை இழந்துவிட்டு வந்து நிற்கும் மனிதர் எதிரில் அவர் பையையும் அங்கே தள்ள பிப்பாவுக்கு மனம் வரவில்லை. தெர்மாஸோடு பையையும் இன்குபேட்டர் இருந்த வளர்ப்பு அறைக்குள் எடுத்துப்போய் மேசைக்கு அடியில் வைத்தாள். வேலை மும்முரத்தில் மறந்தே போனாள். கருக்களை இன்குபேட்டரில் வைத்துப் பூட்டிவிட்டு போர்வீரர் நினைவு நாளான அன்ஸாக் தின விடுமுறைக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. கொய்யாவும் அன்னாசியும் சேர்ந்து கனிந்து அழுகியது போல.

மைக்ராஸ்கோப்பில் பியோனியின் கருக்கள் கறுத்து, பாதியில் நின்றிருந்தன. பக்கத்துத் தட்டில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த இறைச்சிக்கூடத்து மாடுகளின் கருக்களும் அப்படியே. அடுத்த அறையில், அதே திரவத்தில் வைத்தவை மட்டும் நன்றாகத் திரண்டிருந்தன.

யாரும் வருவதற்குள் பையைத் தன் கார் டிக்கியில் போட்டாள். மின்விசிறியைச் சுழலவிட்டாள்.

ராவிரி நெவிலைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒலிபெருக்கி போட்டிருந்தது. "வயசான மாடு, நெவில். முட்டை தாங்கல."

"இல்லப்பா, தப்பு என்னோடது. எந்திரிச்சிரும் எந்திரிச்சிரும்னு ஒரு நாள் பூரா பாத்துக்கிட்டே இருந்துட்டேன். உடனே டாக்டரக் கூப்பிட்டிருந்தா…"

"அப்படியும் இருக்கலாம்," என்றார் ராவிரி.

கையுறை கழற்றாமல் நின்றிருந்த பிப்பாவுக்குக் காது மடல் எரிந்தது. தொலைபேசி வைக்கப்பட்டதும் எல்லாவற்றையும் சொன்னாள்.

ராவிரி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "என்னை வாசல்ல நிக்க வெச்சவ நீ."

"தெரியும்."

"அவர்கிட்ட சொல்லப் போறியா? தன் பழத்தாலதான் போச்சுன்னு அந்த மனுஷன் உடைஞ்சிருவாரே."

"சொல்லலன்னா தன்னையே திட்டிக்கிட்டுக் கிடப்பாரு."

அன்று பிப்பா பண்ணைக்குப் போனபோது, மாலைப் பால் கறப்பு முடிந்து நெவில் தொழுவத் தரையைக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"முட்டை நல்லாத்தான் இருந்துச்சு, நெவில். நீங்க லேட் பண்ணல. நான்தான் அந்த அறையில பழத்த வெச்சுட்டேன். வாசனை உள்ள போயிருச்சு."

"எந்தப் பழத்த?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. "நீங்க குடுத்தத."

அவர் குழாயை மூடினார். "வாசனை ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத்தான் எல்லாரையும் விட நல்லாத் தெரியும்."

"அப்ப அன்னைக்கே வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"கூச்சமா இருந்துச்சு."

"ஒரு பைய வேணாம்னு சொல்லவா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டை ஒட்டிய சின்ன வேலிக்குள் ஒரு கிடாரி தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. பியோனியின் கருவைச் சுமக்க ஊசி போட்டு, தயார்படுத்திப் பிரித்து வைத்திருந்த கிடாரி. இனி அது சுமக்கக் கரு இல்லை. நெவில் போய்க் கதவுக் கொண்டியை எடுத்தார்.

"அந்தப் பக்கம் போய் நில்லு. ரோட்டுக்கு ஓடிரப் போவுது."

பிப்பா சேற்றில் இறங்கிக் கைகளை அகல விரித்து நின்றாள். கிடாரி அவளைப் பார்த்துத் தயங்கியது. பிறகு திரும்பி, மேட்டில் நின்ற மந்தையை நோக்கித் துள்ளி ஓடியது. நெவில் கதவைச் சாத்திவிட்டு அதன் பின்னால் நடந்தார். இனி நீ போகலாம் என்று அவர் அவளிடம் சொல்லவில்லை. அவள் விரித்த கைகளோடு அங்கேயே நின்றிருந்தாள்.