ஒரு மடிப்பு, ஒரு குத்து

"செல்லாது," என்றார் ஹெந்தார் வாத்தியார், பன்னிரண்டாவது தடவையாக.

இறகுப்பந்து மைதானத்தில் நீலத் தார்ப்பாய் கட்டி வாக்குச்சாவடி போட்டிருந்தார்கள். ஓட்டுப் போட்ட ஜனம் வீட்டுக்குப் போகவில்லை. சுண்டுவிரலில் ஊதா மையோடு கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து எண்ணிக்கையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. சாவடித் தலைவரான வாத்தியார் ஒவ்வொரு சீட்டையும் விரித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். எந்த வேட்பாளரின் படத்தில் ஆணி குத்திய ஓட்டை வழியே வெளிச்சம் தெரிகிறதோ அவருக்கு ஓட்டு. ஆனால் இந்தச் சீட்டில் இரண்டு வெளிச்சம். ஒன்று வேட்பாளர் விராத்மோவின் படத்தில், அவருடைய கருப்புத் தொப்பியில்; இன்னொன்று மேலே, தலைப்பு அச்சடித்த இடத்தில்.

விராத்மோ கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

பதினாறு வயதில் பஸ் படியில் தொங்கி "சுராபாயா, சுராபாயா" என்று ஆள் கூப்பிட்டவர் அவர். பிறகு கண்டக்டர், பிறகு டிரைவர். முப்பத்திரண்டில் ஒரு பழைய பஸ்ஸை வாங்கினார். இன்று கராங்வாரு மாவட்டத்தில் அவருடைய பச்சை பஸ் ஓடாத சாலை கிடையாது. அரசியல் ஆசை அவருக்கு இருந்ததில்லை. மலையிறக்கத்துச் சாலை இரண்டு மழைக்காலமாக இடிந்து கிடந்தது. அவருடைய பஸ் ஒன்று அங்கே கவிழ்ந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். சாலையைச் சரிசெய்யச் சொல்லி மாவட்ட அலுவலகத்துக்குப் பதினோரு தடவை நடந்தார். கடைசித் தடவை ஓர் அதிகாரி, 'ஐயா' என்பதற்கு அங்கே சொல்லும் 'பாக்'கைப் போட்டு, சிரித்துக்கொண்டே, "பாக், அவ்வளவு அவசரம்னா நீங்களே மாவட்டத் தலைவரா வந்து போட்டுக்குங்களேன்," என்றார். விராத்மோ வீட்டுக்கு வந்து யோசித்தார். மறு மாதம் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார்.

கைப்பேசி அதிர்ந்தது. அவருடைய முதல் டிரைவர் கஸ்மூரி. இப்போது தேர்தல் வேலை முழுக்க அவர் கையில்தான்.

"பாக், ஆத்தங்கரைப் பக்கம் ஆறு சாவடியிலயும் இதே கதை. ரெண்டு ஓட்டைன்னு தள்ளிவைக்கிறாங்க. தள்ளுறது எல்லாமே நம்ம சீட்டு. இப்படியே போனா தோத்துட்டோம்."

"மத்தவங்களுக்கு இந்த மாதிரி விழலையா?"

"ஒண்ணுகூட இல்ல, பாக். அவங்க ஆளுங்க ஒழுங்கா விரிச்சுக் குத்தியிருக்காங்க."

விரித்து. விராத்மோவுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஐந்து வாரமாக ஊர் ஊராகப் போய் மேடையில் மாதிரிச் சீட்டைக் காட்டியவர் அவரேதான். இரண்டாக மடித்து, மறுபடி மடித்துக் கொடுக்கும் சீட்டு அது. ஒரு மடிப்பைத் திறந்தாலே அவர் முகம் தெரிந்துவிடும். "அதுக்கு மேல எதுக்குத் திறக்கணும்? ஒரு மடிப்பு, ஒரு குத்து. முடிஞ்சுது வேலை," என்று சொல்லி பேனாவால் குத்திக் காட்டுவார். கூட்டம் கைதட்டும். சீட்டின் பின்பாதி அடியில் மடங்கியே இருக்கும் என்பதும், ஆணி அதையும் துளைத்துக்கொண்டு போகும் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி முர்த்தினிங் குனிந்து அவர் காதில் சொன்னாள்.

"கண்டக்டரா இருந்தப்ப டிக்கெட்டை ரெண்டா மடிச்சு, ஆபீஸுக்கு வெக்கிற துண்டையும் சேர்த்துக் குத்தின கைதானே. அந்தப் பழக்கம் எங்க போகும்."

"இபு, இப்ப போய்..." என்று மனைவியிடம் முனகினார்.

"நான் அப்பவே கேட்டேன். முழுசாத் திறக்கச் சொல்லலாமேன்னு. 'நீ பஸ்ஸுல ஏறு, நான் ஓட்டுறேன்'னு சொன்னீங்க."

அதற்குள் கயிற்றோரம் ஒரு குரல் கிளம்பியது. கடலைச் சட்னி ஊற்றிக் கீரைச் சோறு விற்கும் பைனெம்.

"வாத்தியாரே, அது என் சீட்டு. ஓரத்துல சட்னிக் கறை இருக்கு பாருங்க. நான் ஒரே குத்துதான் குத்தினேன். அது எப்படிச் செல்லாம போகும்?"

"பைனெம்மா, யாருக்குப் போட்டோம்னு வெளிய சொல்லக்கூடாது."

"சொல்லலையே. தொப்பி போட்டவருக்குன்னு மட்டும்தான் சொன்னேன்."

"மூணு வேட்பாளரும் தொப்பிதான் போட்டிருக்காங்க," என்றார் யாரோ. கூட்டம் சிரித்தது.

எதிர்க்கட்சி முகவர் ரூடியான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றான்.

"வாத்தியாரே, இது தற்செயல் இல்ல. ஒரே ஆளோட சீட்டுல மட்டும் ரெண்டு ஓட்டை. விலை குடுத்து ஓட்டு வாங்கி, போட்டாங்களான்னு தெரிஞ்சுக்க அடையாளம் வெச்சிருக்காங்க. அப்படின்னே எழுதிக்குங்க."

விராத்மோவின் காது சிவந்தது. பேசாமல் இருந்தால் திருட்டுப் பட்டம். பேசினால் மாவட்டமே சிரிக்கும். எழுந்து கயிற்றருகே போனார்.

"தம்பி, அடையாளமும் இல்ல, விலையும் இல்ல. நான்தான் அப்படிக் குத்தச் சொல்லிக் குடுத்தேன். எல்லா ஊர்லயும். மடிச்ச பேப்பர்ல குத்தினா ரெண்டு ஓட்டை விழும்னு எனக்குத் தோணல. முட்டாள்தனம் என்னோடது. இவங்க ஒரே ஒரு தடவைதான் குத்தினாங்க."

"ஓட்டுக் கேக்கும்போது பெரிய ஆளு, இப்ப முட்டாளா?" என்றான் ரூடியான்.

"ரெண்டும்தான், தம்பி."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தள்ளிவைத்த சீட்டு ஒன்றை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்தார். இரண்டு ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. அடுத்ததை மடித்தார். அதுவும் பொருந்தியது.

"எங்களுக்குப் பயிற்சியில, ரெண்டு ஓட்டைன்னா செல்லாதுன்னு மட்டும்தான் சொன்னாங்க," என்றார் தயங்கி. "மாவட்டத் தேர்தல் அலுவலகத்துல கேட்டுடறேன். அதுவரைக்கும் யாரும் சீட்டைத் தொடக்கூடாது."

முக்கால் மணி நேரம் ஓடியது. முர்த்தினிங் கொடுத்த தேநீர் விராத்மோவின் கையிலேயே ஆறிப்போனது. மலையிறக்கத்தில் பிரேக் மிதித்தும் வண்டி நிற்காத நொடி அவருக்குத் தெரியும். அந்த நொடி இப்போது முக்கால் மணி நேரமாக நீண்டது.

கடைசியில் வாத்தியார் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தார். எழுதி வைத்ததைப் படித்தார்.

"மடிப்புக்கு நேர் எதிர்ப்பக்கம் விழுந்த ரெண்டாவது ஓட்டை, இன்னொரு வேட்பாளர் கட்டத்துல படலைன்னா ஓட்டு செல்லும். இன்னிக்கு நிறைய இடத்துல இருந்து கேட்டாங்களாம். எல்லாச் சாவடிக்கும் இதே உத்தரவு."

தள்ளிவைத்த கட்டு திரும்ப மேசைக்கு வந்தது. ரூடியான் ஒவ்வொரு சீட்டையும் மூக்குக்கு அருகே வாங்கிப் பார்த்தான்.

"செல்லும்."

"செல்லும்."

சட்னிக் கறை படிந்த சீட்டும் செல்லும். ஒரே ஒரு சீட்டில் விராத்மோவின் முகத்திலும் எதிராளியின் முகத்திலும் தனித்தனியாகக் குத்தியிருந்தது.

"யாருக்கும் மனசு நோகக்கூடாதுன்னு நினைச்சிருக்கான் புண்ணியவான்," என்றார் வாத்தியார். அது மட்டும் செல்லாததில் போனது.

வெயில் தாழும்போது கஸ்மூரி மறுபடி கூப்பிட்டார்.

"பாக், முகவர்கள் குடுத்த கணக்கு எல்லாம் வந்துடுச்சு. நானூத்திப் பத்து ஓட்டு முன்னாடி இருக்கோம். மறு எண்ணிக்கை கேட்டாலும் இது அசையாது."

விராத்மோ கைப்பேசியை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கண்ணில் நீர் வந்ததை அவர் துடைக்கவில்லை.

ரூடியான் வந்து கை நீட்டினான்.

"பாக், அடுத்த தடவை முழுசாத் திறக்கச் சொல்லிக் குடுங்க."

"அடுத்த தடவை நீயே சொல்லிக் குடு, தம்பி. நான் பேப்பரைத் தொடமாட்டேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்," என்றாள் முர்த்தினிங், பைனெம்மிடமிருந்து வாங்கிவந்த இலைப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தபடி. "முதல்ல சாப்பிடுங்க."

அவர் பொட்டலத்தைப் பிரித்து, கையாலேயே அள்ளி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.