கதவு சாத்துமா?

“வண்டி ஸ்டார்ட் ஆகாதும்மா. பொய் சொல்லி உன் தலையில கட்ட எனக்கு மனசு வரல” என்றார் பல் டாக்டர். கிளினிக்கின் பின்பக்கம் மரத்தடியில் வருஷக்கணக்காகக் கிடந்த அந்தச் சின்னக் கார், ஊர்க் காக்கைகளுக்கெல்லாம் கழிப்பறையாகியிருந்தது. நான்கு டயரிலும் காற்றில்லை. பின்சீட்டைக் கிழித்து எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

“பரவாயில்ல சார். கதவு சாத்துமா?”

டாக்டர் எத்தனையோ வாய்களைப் பார்த்தவர். இந்தக் கேள்விக்கு அவரே கொஞ்சம் முழித்தார். “மூணு சாத்தும். ஒண்ணை இழுத்துப் பிடிக்கணும்” என்றார். பழைய இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார். பல்வலி என்று போனவள் காரோடு திரும்பி வந்தாள் என்று வீட்டில் சிரியோ சிரியென்று சிரித்தார்கள். எல்லோரும் சேர்ந்து வெளியே போகலாமே என்றுதான் வாங்கினேன் என்றாள். அது பொய்.

அவளுக்கு வேலை, வாஷிங் மெஷின் கம்பெனியில் போனில் புகார் கேட்பது. காலையில் ஹெட்போனை மாட்டினால் தண்ணி போகல, துணி கிழிஞ்சிடுச்சு, உங்க மேனேஜரைக் கூப்பிடு என்று சாயங்காலம் வரை திட்டு. எல்லாவற்றுக்கும் ‘புரியுதுங்க சார்’ என்று பதில். பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு.

வீடு என்றால் மாடியில் இரண்டு அறை. மாமனாருக்குக் காது மந்தம்; அதனால் அவர் பார்க்கும் டிவி செய்தியைத் தெருவே கேட்டாக வேண்டும். பிள்ளைகள் இரண்டும் ஒரு ரப்பருக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும். கணவன் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவன். அச்சகத்தை மூடியதிலிருந்து வீட்டில்தான். சமைக்கிறான், துவைக்கிறான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பகலெல்லாம் ஆளில்லாமல் சேர்த்து வைத்த பேச்சு முழுவதையும், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கொட்டித் தீர்த்துவிடுவான். இதில் கெட்டவர் என்று யாருமில்லை. இருந்தாலாவது ஒரு சண்டை போட்டு ஆறிக்கொள்ளலாம்.

அவளுக்கு வேண்டியது ஒரு கதவு. உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாத கதவு. பாத்ரூமுக்குப் போனால்கூட அம்மா அம்மா என்று தட்டுகிற வீட்டில் அதற்கு வழியில்லை.

டயர்களுக்குக் காற்றடித்து, காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து கீழே மாடிப்படிக்குப் பின்னால் நிறுத்தினார்கள். தெருமுனை மெக்கானிக் வந்தான். அவனுக்கு ‘நாளைக்கு’ என்றே பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கார்புரேட்டர் அடைச்சுக் கிடக்குக்கா. மொதல்ல அதைக் கழட்டிடுவோம்” என்றான்.

“அது கிடக்கட்டும் தம்பி. மொதல்ல இந்தக் கதவைப் பாரு. உள்ளேருந்து பூட்டுற மாதிரி வேணும்.”

கதவு ஆனது. அடுத்து, வெளிச் சத்தம் வராதபடி கண்ணாடியைச் சுற்றிப் புது ரப்பர். அதற்கடுத்து, சாய்த்தால் சாய்கிற மாதிரி முன்சீட்டு. ‘நாளைக்கு’ தலையைச் சொறிந்தான். “ஓடாத வண்டியில சாய்ஞ்சுக்கிட்டு எங்கக்கா போகப் போறீங்க?”

“சொன்னதைச் செய்யேன்பா.”

வீட்டில் கேட்டபோது, எஞ்சினுக்குச் சாமான் கிடைக்கவில்லையாம், நாளைக்கு நாளைக்கு என்கிறான் என்றாள். அவனைப் பற்றி அப்படிச் சொன்னால் நம்பாதவர் யார்?

அன்றிலிருந்து சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே காருக்குள். கண்ணாடிக்குப் பழைய துப்பட்டாவைத் திரை கட்டியிருந்தாள். பூட்டிக்கொண்டு சீட்டைச் சாய்த்துப் படுப்பாள். பாட்டு கேட்பதில்லை, போனைப் பார்ப்பதில்லை, எதையும் யோசிப்பதுகூட இல்லை. எலி வாடை எத்தனை கழுவியும் போகவில்லை, அதுவும் பழகிவிட்டது. பிறகு மேலே போய் பஸ் லேட் என்பாள். கணவன் அடுப்பில் டீயைத் திரும்பச் சூடு பண்ணிக்கொண்டே அந்த பஸ்காரனைத் திட்டுவான். அப்போது மட்டும் அவளுக்கு மனசு உறுத்தும். ஆனாலும் மறுநாள் போய்ப் படுக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்தபோது, படிக்குப் பின்னால் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. காரைக் காணோம். அதற்குள் தெருமுனையில் ஹாரன். புகையைக் கக்கிக்கொண்டு கார் வந்து நின்றது. ஓட்டுகிற இடத்தில் கணவன், பக்கத்தில் மாமனார், பின்னால் பிள்ளைகளோடு ‘நாளைக்கு’.

“சாமானாவது மண்ணாவது!” கணவன் குதித்து இறங்கினான். கையெல்லாம் கிரீஸ். “நீ வேலைக்குப் போனதும் ஒரு வாரமா இவனைப் பிடிச்சு உலுக்கி, பழைய பேட்டரி ஒண்ணு தேடிப் போட்டு, கார்புரேட்டரைக் கழட்டி, ஊற வெச்சு, ஊதி… நானே மாட்டினேன். அச்சு மெஷினுக்கு முன்னாடி இதெல்லாம் ஜுஜுபி!”

‘நாளைக்கு’ அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த அளவுக்கு அவன் நல்லவன். துப்பட்டாத் திரையைப் பிள்ளைகள் உருவிக் கழுத்தில் சுற்றியிருந்தார்கள்.

அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. இருந்த ஒரே இடமும் போயிற்று. ஆனால் அச்சகம் மூடிய பிறகு கணவன் முகத்தில் இப்படியொரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை. “நல்லா இருக்குங்க” என்றாள்.

“ஏறு, ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்.”

“தலை வலிக்குது. நீங்க போய்ட்டு வாங்க.”

‘நாளைக்கு’ இறங்கிக்கொண்டான். மற்றவர்களோடு கார் இருமிக்கொண்டே போய்விட்டது. அவள் ஒவ்வொரு படியாக ஏறி வீட்டைத் திறந்தாள். உள்ளே சத்தமே இல்லை. டிவி அணைந்திருந்தது. தரையில் கிடந்த புத்தகப் பையைத் தாண்டி நடு வீட்டில் நின்றாள். காருக்குள் பதுங்கிக் கிடந்தவளுக்கு முழு வீடும் கிடைத்திருக்கிறது என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. கதவைச் சாத்திவிட்டு, பாய்கூட விரிக்காமல் வெறுந்தரையில் படுத்தாள். கண் செருகியது.

போன் அடித்தது.

“நான்தான்” என்றான் கணவன். “மார்க்கெட்கிட்ட வண்டி நின்னு போச்சு. யாருக்கும் ஒண்ணும் இல்ல, பயப்படாதே. ‘நாளைக்கு’ போனை எடுக்க மாட்டேங்கிறான். நீ போய் அவனைக் கையோட கூட்டிட்டு வந்துடேன்.”

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“என்னால முடியலங்க.”

“தலைவலி ரொம்பவா இருக்கு?”

“தலைவலியே இல்ல. சாமான் கிடைக்கலன்னு சொன்னேனே, அது பொய். எஞ்சினைத் தொடாதேன்னு அவன்கிட்ட நான்தான் சொன்னேன். எந்த பஸ்ஸும் லேட்டா வரல. தினம் கீழ வண்டிக்குள்ளதான் படுத்திருந்தேன்.” “எனக்கு யார்மேலயும் கோபம் இல்ல. யார் குரலும் காதுல விழாம கொஞ்ச நேரம் இருக்கணும். இப்ப வீட்ல யாரும் இல்ல. இது எனக்கு வேணும். நான் வர மாட்டேன்.”

மறுமுனையில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். மாமனார் “என்னவாம்?” என்று கத்தினார். திடீரென்று கடகடவென்று ஒரு சத்தம். இருமி, விக்கி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. “அப்பா! அப்பா! ஸ்டார்ட் ஆயிடுச்சு! தாத்தா சும்மா சாவியைத் திருகினாரு!” என்று சின்னவள் கூவினாள்.

கணவன் தொண்டையைச் செருமினான்.

“இல்லம்மா, ஸ்டார்ட் ஆகல” என்றான். எஞ்சின் அவன் குரலுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. “இது இப்போதைக்கு ஆகாது போலிருக்கு. ரொம்ப நேரமாகும். நீ தூங்கு.”

போனை அவனே முதலில் வைத்தான்.