ஒன்பதாவது நாற்காலி

மதியம் இரண்டே காலுக்கு, ஆளே இல்லாத கூட்ட அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "ரெண்டாம் மோட்டார்ல பேரிங் தேஞ்சிருக்கு, இந்த வாரமே மாத்தணும்" என்று உரக்கச் சொன்னது. காலிக் கோப்பைகளை எடுக்கப் போன ஆள் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். குரல் யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பதினோரு நிமிடத்துக்கு முன் அதே அறையில் புதிதாகச் சேர்ந்த பெண் பொறியாளர் வாயை அசைத்தாள்; சத்தம் வரவில்லை. முதல் நாள் கூச்சமாக்கும் என்று நினைத்து, எல்லோரும் கூட்டத்தை முடித்துக்கொண்டு எழுந்து போயிருந்தார்கள்.

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கூட்ட மேசையைச் சுற்றி முப்பது வருடமாக எட்டு ஆண்களே உட்கார்ந்து வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் இடத்துக்கு அவரைப் போலவே இன்னொருவர் வருவார். சிரிப்புகூட ஒரே மாதிரிதான் இருக்கும். 'எல்லோருக்கும் இடம்' என்று தலைமை அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பிய பிறகு, மேனேஜர் ஒன்பதாவதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார். அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. பொறியாளர் அதில் கொஞ்சம் அசைந்தாலும் உறை கிறீச்சிடும். அந்தச் சத்தம் மட்டும் எல்லோருக்கும் உடனே கேட்டது.

அடுத்த கூட்டத்தில் அவள் பேச்சு நாற்பது நிமிடம் கழித்து வந்தது. வருடக் கடைசியில் மூன்று நாள் ஆனது. டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இயந்திரங்களுக்கு நடுவில் அவள் குரல் நேரத்துக்கு வந்தது, வீட்டிலும் வந்தது. "நேரத்துக்கு மட்டுமா வருது? தேவைக்கு மேலயே வருது" என்பாள் தங்கை. அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தவள். அதே தொழிற்சாலையின் பேக்கிங் ஷெட்டில் வேலை. பொறியாளருக்கு அவளை விட்டால் வேறு ஒட்டு உறவு கிடையாது.

மேனேஜர் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். அவள் பேச்சு வீணாகக் கூடாது என்று, காலி அறையில் உட்கார்ந்து அது வரும்போது எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தாவைப் போட்டார். அதற்கென்று பச்சை அட்டை போட்ட தாமதக் குறிப்பேடு ஒன்று வந்தது. அந்த ஏற்பாட்டைப் பாராட்டித் தலைமை அலுவலகம் கேடயம் கொடுத்தது. கேடயத்தோடு எடுத்த படத்தில் பொறியாளரை நடுவில் நிறுத்தினார்கள்.

அவளும் சளைக்கவில்லை. தாமதம் ஒரு மாதமாக நீண்டதும், அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்ல வேண்டியதை இந்த மாதமே காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசி வைத்தாள். இரண்டு மாதம் அது கச்சிதமாகப் பலித்தது. மூன்றாவது மாதம், அறைக்குத் தெரிந்துவிட்டதுபோல, தாமதம் நாற்பது நாளாக நீண்டு அங்கேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் பாய்லரின் அடிப்பக்க வெல்டிங்கில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசலைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங் ஷெட். நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள்; அவர்களில் ஒருத்தி தங்கை. கூட்டத்தில் எழுந்து நின்று தொண்டை நரம்பு புடைக்கப் பேசினாள். எட்டுப் பேரும் மரியாதையாக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் எழுதப் போனாள். சாக்பீஸ் தேய்ந்து தூளாகக் கொட்டியது, கோடு விழவில்லை.

"ரொம்ப அவசரமான விஷயம்போலத் தெரியுது" என்றார் மேனேஜர், நாட்காட்டியைப் புரட்டியபடி. "பரவால்ல மேடம், வரட்டும்."

வெளியே வராந்தாவில் அவரை மறித்தாள். அங்கே குரல் வந்தது. பாய்லர், விரிசல், ஷெட் என்று அவள் சொன்ன பிறகே அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "கூட்டத்துல சொல்லிட்டீங்கல்ல? அதையே இங்க வந்து ரெண்டாவது தடவ சொன்னா மத்தவங்களுக்கு அநியாயம் ஆயிடும். உங்களுக்குன்னு தனிச் சலுகை குடுத்தேன்னு நாளைக்குப் பேசுவாங்க."

பாய்லர்காரரிடம் போனாள். "நீங்க சொல்றது எனக்கு நல்லாவே கேக்குது மேடம்" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஆனா கூட்டத்து முடிவுன்னு எழுதி வராம நான் வால்வுல கை வச்சா, சாயந்தரம் என் சைக்கிளை எடுத்துட்டு ஒரேயடியா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அன்று மாலை தங்கையிடம் லீவு போடச் சொன்னாள்.

"எத்தன நாளைக்கு?"

"நாப்பது நாளைக்கு."

"உனக்கென்ன கிறுக்கா? நான் மட்டும் வீட்ல காலை நீட்டிட்டு உக்காந்தா, என் பக்கத்து மேசைக்காரி மூஞ்சில எப்படி முழிப்பேன்? எல்லாருக்கும் சேத்து நிறுத்துக்கா, நானும் நின்னுக்கறேன்."

ஷெட்டில் தங்கை எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னாள். எல்லோரும் நம்பவும் செய்தார்கள். ஆனால் உத்தரவில்லாமல் வெளியே போனால் அன்றோடு வேலை போய்விடும். ஆகவே சுவரிலிருந்து நாலடி தள்ளி மேசைகளைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். பொறியாளர் தினமும் மூன்று தடவை விரிசலை அளந்தாள். பதினைந்தாம் நாள் அதில் நகம் நுழைந்தது. இருபத்தைந்தாம் நாள் சுவர் வியர்க்கத் தொடங்கியது. முப்பத்தோராம் நாள் காலை, வேலை தொடங்கி அரை மணி நேரத்தில், பாய்லர் வெடித்தது. ஏழு பேர் இறந்தார்கள். பலகையில் ஒட்டிய பட்டியலில் ஏழாவது பெயர் தங்கையுடையது.

விசாரணை அதிகாரி வந்து சேர்ந்தது நாற்பதாம் நாள். கூட்ட அறையில் எட்டுப் பேரும் தத்தம் இடத்தில் இருந்தார்கள். பொறியாளர் ஒன்பதாவது நாற்காலியில், உறை கிறீச்சிடாதபடி அசையாமல் இருந்தாள். மேனேஜர் பச்சைக் குறிப்பேட்டை விரித்து வைத்தார். "பாருங்க சார், எச்சரிக்கைன்னு ஒண்ணு இன்னும் எங்களுக்கு வந்தே சேரல. கணக்குப்படி இன்னைக்குத்தான் வரணும்."

பதினொன்று பத்துக்கு வந்தது. அவள் தலைக்கு மேலிருந்து அவள் குரலே முழங்கியது. "பாய்லர்ல விரிசல் விட்டிருக்கு. நாப்பது பேரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. என் தங்கச்சி இருக்கா. இன்னைக்கே நிறுத்துங்க." வார்த்தை வார்த்தையாக, முழுதாக வந்தது. அந்தக் குரலில் தங்கை இன்னும் உயிரோடு இருந்தாள். அதிகாரி ரயில் வந்த நேரத்தைக் குறிப்பதுபோலக் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். அந்த அறையில் அப்படித்தான் என்று அவருக்கும் முன்பே சொல்லியிருந்தார்கள். எட்டுப் பேரும் தலைகுனிந்து கேட்டு முடித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேனாவை மூடப்போன அதிகாரி, மூலையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவிடம், சேர்த்து எழுத வேண்டியது வேறு ஏதாவது உண்டா என்று சம்பிரதாயமாக விசாரித்தார். இத்தனை நாளில் அந்த அறையில் வாயே திறக்காத மனிதர் எழுந்து நின்றார்.

"ஒண்ணு இருக்குங்க சார். மேடம் இதப் பேசின அன்னைக்குச் சாயந்தரமே, மேனேஜர் தன்னோட மருமகனைப் பேக்கிங் ஷெட்லேருந்து குடோனுக்கு மாத்திட்டாரு."