கடலைக் காட்டச் சொல்லுங்கள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது மாமியார்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெற்றவள் ஒருத்தி தன் பிள்ளை வேலை பார்க்கிற கப்பலை டிவியில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு படுத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

அது டயாலிசிஸ் சென்டர். எட்டுக் கட்டில், எட்டு மெஷின், சுவரில் ஒரு டிவி. தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு கூடாதென்று டிவியின் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள். மாமியாருக்கு வாரத்தில் மூன்று முறை அங்கே ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கையில் இரண்டு ஊசியைச் செருகிக்கொண்டு நாலு மணி நேரம் படுத்திருப்பவளுக்கு டிவிதான் துணை. அன்றைக்கு அதில் திடீரென்று ஒரு கப்பல் வந்தது. வெள்ளை வெளேரென்று, மாடிக்கு மேல் மாடி வைத்து, புகைபோக்கியில் நீலப் பட்டை போட்டது.

"ஐயோ, என் புள்ள கப்பல்!" என்று மாமியார் கத்தினாள். "எல்லாரும் பாருங்க, அதுலதான் என் புள்ள இருக்கான்! அதுல போற அத்தனை பணக்காரனுக்கும் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் அவன்தான் தொவைச்சுக் குடுக்கறான்!"

எட்டுக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது. பெருமை என்றால் பெருமை, மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததால் படத்தின் அடியில் ஓடிய எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில் வாத்தியாருக்குத் தெரிந்தது. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் எதைக் கண்டாலும் உரக்கப் படித்துவிடுகிற வழக்கம் அவருக்குப் போகவில்லை.

"சுற்றுலாக் கப்பலில் பரவும் மர்மக் காய்ச்சல். பயணிகள், ஊழியர்கள் இறங்கத் தடை" என்று படித்தார். படித்துவிட்டு மாமியாரைப் பார்த்தார். பிறகு போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

இதெல்லாம் நடந்தபோது மருமகள் வேலையில் இருந்தாள். அவள் பஸ் கண்டக்டர். டிப்போவில் அவளுக்கு விசில் என்று பெயர். கழுத்தில் தொங்குகிற விசிலுக்காக வைத்த பெயர் இல்லை, அது இல்லாமலேயே பஸ்ஸை நிறுத்தக்கூடிய தொண்டைக்காக வைத்தது. அடுத்த முறை மாமியாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு சென்டர் வாசலுக்கு வந்தபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மேனேஜர் நின்றிருந்தார். சின்ன வயசு, கழுத்தில் டை. அவருக்குக் கோபமே வராது, குரலும் உயராது. அதுதான் இன்னும் எரிச்சல்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் அந்தக் கப்பல்லதானே வேலை பாக்கறார்?"

"ஆமா சார். அவர் அங்க இருக்கார், நாங்க இங்க இருக்கோம். நடுவுல ஒரு கடல் இருக்கு."

"இல்ல, அவர் ஊருக்கு வந்திருக்கறதா ஒரு பேச்சு…"

"யார் பேசினது?"

"எல்லாரும் பேசறாங்க மேடம். மத்த பேஷன்ட்ஸ் பயப்படறாங்க. அவங்க உடம்புல தெம்பு கிடையாது, ஒரு காய்ச்சல் வந்தாத் தாங்க மாட்டாங்க. நிலைமை சரியாகட்டும், நாங்களே கூப்பிடறோம்."

"அவர் வீட்டுக்கு வந்து வருஷம் ஒண்ணாகப் போகுது சார்! வராத மனுஷன்கிட்டேருந்து எப்படி ஒட்டும்? போன் வழியாவா?"

மேனேஜர் வருத்தமாகத் தலையை மட்டும் ஆட்டினார். கதவு மூடிக்கொண்டது.

ஊரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிவிக்காரர்கள் அதற்குக் கப்பல் காய்ச்சல் என்று பெயர் வைத்தாலும் வைத்தார்கள், கடலையே பார்க்காதவர்களெல்லாம் இருமினால் கூட அந்தப் பெயரைச் சொன்னார்கள். கீழ் வீட்டு அக்கா, அதுவரை ஒரே கொடியில் துணி உலர்த்தியவள், தனக்கென்று தனிக் கொடி கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் தெரிந்த முகங்கள் சில்லறையைக் கையில் தராமல் சீட்டின் மேல் வைத்தன. டிப்போவில் ஒரு டிரைவர், நன்றாகப் படித்தவர்தான், "வீடியோ கால் பேசினா போனைத் துடைச்சிடும்மா, எதுக்கு வம்பு" என்று அக்கறையாகச் சொன்னார். விசில் அவரைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

ஆனால் டயாலிசிஸ் ஊரார் மனசு மாறுகிற வரை காத்திருக்காது. ஒரு முறை தவறியதற்கே மாமியாருக்குக் கால் இரண்டும் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, எழும்ப மாட்டேன் என்றது. படுத்தால் மூச்சு முட்டியது. முதுகுக்குத் தலையணை அடுக்கி உட்கார வைத்தார்கள். தண்ணீரை டம்ளரில் தராமல் பாட்டில் மூடியில் அளந்து கொடுத்தாள் விசில். வேறு இரண்டு சென்டருக்குப் போன் செய்தாள். ஒன்றில் இடமில்லை. இன்னொன்றில் இடம் இருந்தது, எந்தப் பேஷன்ட் என்று கேட்டதும் அதுவும் இல்லாமல் போயிற்று.

இதற்கு நடுவில் அவள் நெஞ்சுக்குள் ஒரு கல்லும் இருந்தது. காய்ச்சல் வந்தவர்களில் அவள் புருஷனும் ஒருத்தன். "அம்மா காதுல போட்டுடாத" என்று அவன் கெஞ்சியிருந்தான். அவளும் போடவில்லை. அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அவனோடு பேசுவாள்.

மறுபடியும் சென்டருக்குப் போனாள். இந்த முறை வாசலை விட்டு நகரவில்லை. சக்கர நாற்காலியைக் கதவுக்கு நேராக நிறுத்தி பிரேக் போட்டாள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் மாமியாரின் வீங்கிய காலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. விசிலின் குரல் மூன்றாம் மாடி வரை கேட்டது. கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார்.

"சரி மேடம். அவர் இங்க வரலைங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் குடுங்க. வீடியோ கால் போடுங்க. அவர் கப்பல்லதான் இருக்கார்னு எல்லாரும் கண்ணால பாத்துட்டா பிரச்சினை இல்ல."

அவன் முகத்தை மாமியார் பார்த்துவிடுவாளே. ஆனால் அவள் மூச்சுக்குத் திணறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும்? போட்டாள்.

திரையில் அவன் வந்தான். தாடி மண்டியிருந்தது, கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன. நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். போனைப் பார்ப்பதற்கு மூக்கை எதற்குப் பொத்த வேண்டுமோ, அவர்களுக்கே வெளிச்சம்.

"சார், அங்கேருந்து கடல் தெரியுதா? கொஞ்சம் கடலைக் காட்டுங்க" என்றார் மேனேஜர்.

அவன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஜன்னல் பக்கம் போனைத் திருப்பினான். தண்ணீர், தண்ணீர், அதைத் தவிர ஒன்றுமில்லை. "எங்க ரூமுக்கெல்லாம் ஜன்னலே கிடையாது சார்" என்றான், இருமலுக்கு நடுவே சிரித்துக்கொண்டு. "காய்ச்சல் வந்தவங்களை மேல காலியா இருக்கற பயணிகள் ரூம்ல போட்டிருக்காங்க. எட்டு வருஷமா கப்பல்ல இருக்கேன், இப்பத்தான் படுத்துக்கிட்டே கடலைப் பாக்கறேன்."

"இருக்கான், இருக்கான், அங்கதான் இருக்கான்" என்று கூட்டத்தில் ஒருத்தி பெருமூச்சு விட்டாள்.

"இறங்க விடுவாங்களா சார்?" என்று அவனைக் கேட்டார் மேனேஜர்.

"இப்போதைக்கு யாரையும் விடல."

"ரொம்ப நல்லது" என்றார் மேனேஜர். கதவைத் திறந்துவிட்டார்.

அத்தனை பேர் நின்றார்களே, உடம்பு எப்படியிருக்கிறது என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய் கேட்டதா? மாமியார்தான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "காய்ச்சலாடா உனக்கு? எங்கிட்ட ஏண்டா சொல்லல?" என்று கேட்டாள். "வெறும் சளிம்மா. நீ உள்ள போ, நேரமாகுது" என்றான் அவன்.

அன்றிலிருந்து அதுவே நடைமுறையாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று போன் போட வேண்டும், அவன் கடலைக் காட்ட வேண்டும், பிறகுதான் கதவு திறக்கும். அவனும் நேரம் தெரிந்து காத்திருப்பான். நாளாக ஆக முகம் தெளிந்தது. இருமல் நின்றது. ஒரு நாள் தாடியை எடுத்துவிட்டு வந்தான், மாமியார் வாசலிலேயே கையால் திருஷ்டி கழித்தாள்.

பிறகு அந்த நாள் வந்தது. போனை எடுத்ததுமே அவன் கத்தினான், கடலைக் காட்டக்கூட மறந்துவிட்டான்.

"அம்மா! ரெண்டு தடவை டெஸ்ட் எடுத்துட்டாங்க, ஒண்ணுமில்ல! டாக்டரே போகலாம்னு சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை ஃப்ளைட்டு! சனிக்கிழமை வீட்ல இருப்பேன்!"

விசிலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அது முடிவதற்குள் மேனேஜர் கதவின் கைப்பிடியில் கையை வைத்துவிட்டார்.

"மேடம், அவர் வர்றதா இருந்தா நாம வேற மாதிரி யோசிக்கணும்."

"என்ன சார் யோசிக்கணும்? குணமாயிட்டார்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"எனக்குப் புரியுது. பேஷன்ட்ஸுக்குப் புரிய வைக்க முடியாது. அந்தக் கப்பல்ல இருந்த ஆளோட ஒரே வீட்ல இருக்கறவங்கன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. இந்தக் கட்டிலுக்காக வெளிய எத்தனையோ பேர் காத்திருக்காங்க. அவர் வர்றார்னா அதை அவங்கள்ல ஒருத்தருக்குக் கொடுத்துடறோம். நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

விசிலுக்கு ரத்தம் கொதித்தது. "காய்ச்சலா கெடந்தப்போ கதவைத் திறந்தீங்க. குணமானதும் மூடறீங்க. எந்த ஊர் நியாயம் சார் இது? அவருக்குக் காய்ச்சல் இருக்கணும்னு நான் தினம் வேண்டிக்கணுமா?"

"சத்தம் போடாதீங்க மேடம். உள்ள பேஷன்ட்ஸ் இருக்காங்க."

"இவங்க யாரு? இவங்க பேஷன்ட் இல்லையா?"

அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே மாமியார் அவள் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கிக்கொண்டாள். மாமியாரின் குரலில் ஆட்டமே இல்லை.

"கேக்குதாப்பா? நீ வர வேண்டாம்."

"என்னம்மா?"

"வராதன்னு சொல்றேன். அங்கயே இரு. வேலை குடுத்தாங்கன்னா பாரு. இங்க வந்து என்ன பண்ணப் போற?"

"அம்மா, ஒரு வருஷம் ஆச்சும்மா…"

"வராதடா."

விசில் போனைப் பிடுங்கினாள். "அவங்க சும்மா சொல்றாங்க, நீங்க கிளம்பி வாங்க" என்று சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. மேனேஜர் கதவைத் திறந்து, மரியாதையாக ஒதுங்கி நின்றார். விசில் அப்படியே நின்றாள். ஓடுகிற பஸ்ஸை ஒரு சத்தத்தில் நிறுத்துகிறவளுக்கு அந்தக் கதவுக்குள் நாற்காலியைத் தள்ளக் கை வரவில்லை. மாமியார்தான் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

டெக்னீஷியன் பெண் எடை பார்த்து, ஊசி போட்டு, மெஷினை ஓடவிட்டாள். மாமியார் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண்ணீர் காதோரமாக வழிந்தது, துடைக்கவும் ஒரு கைதான் இருந்தது. விசில் துடைத்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றார் பக்கத்துக் கட்டில் வாத்தியார், போர்வைக்குள்ளிருந்து. "எல்லாரும்தான் சொன்னாங்க."

"எல்லாரும்தான் சார் சொல்றாங்க" என்றாள் விசில். "இந்த ரூம்ல யாரைக் கேட்டாலும் எல்லாரும்னுதான் சொல்றாங்க."

அந்த நாலு மணி நேரமும் அவள் புருஷனுக்குப் போன் போட்டபடியே இருந்தாள். அவன் எடுக்கவில்லை. ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்து அழுத்தும்போதுதான் அவனிடமிருந்து செய்தி வந்தது.

"என்ன எழுதியிருக்கான்? படி" என்றாள் மாமியார்.

விசில் படித்தாள். மாமியாருக்கு மட்டும் கேட்கிற மாதிரி இல்லை, எட்டுக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.

"அம்மா சொன்னது சரிதான். டிக்கெட் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆள் கிடைக்காம தவிக்கிறாங்க, இன்னும் ஒன்பது மாசத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன். நாளைக்குக் கீழ பழைய ரூமுக்குப் போயிடுவேன். அம்மாவுக்கு மெஷின் போட்டாச்சா?"

வாத்தியார் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். மாமியார் பஞ்சைப் பிடித்திருந்த விரலை எடுத்துவிட்டாள், ரத்தம் கசிந்தது. டெக்னீஷியன் பெண் ஓடிவந்து அழுத்தினாள்.

வெளியே வரும்போது மேனேஜர் வாசலில் இருந்தார். குனிந்து, மாமியாரின் முகத்துக்கு நேராகச் சிரித்தார். "அம்மா புரிஞ்சு நடந்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி. அவர் இப்போதைக்கு வரலைன்னு கேள்விப்பட்டேன். அதனால அடுத்த தடவையிலேருந்து போன் எல்லாம் போட வேண்டாம். நேரா உள்ள வந்துடுங்க."

விசில் நாற்காலியை நிறுத்தினாள்.

"போடுவேன் சார்" என்றாள். இந்த முறை அவள் குரல் உயரவே இல்லை. "ஒவ்வொரு தடவையும் போடுவேன். ஜன்னல் இல்லாத ரூம்லேருந்து அவர் பேசுவாரு. நீங்க அந்த மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் எங்களுக்குக் கதவு திறக்கணும்."